பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடிந்த சாலை

மே 11, ஞாயிறு

பூச்சிமருந்துக் கடைக்காரன் கொடுத்த டைரி இது. பக்கத்துக்கு ஒரு பூச்சியின் படம் போட்டிருக்கிறான். இன்றைய பக்கத்தில் காய்ப்புழு. என்னைவிடக் கொஞ்சம் ஒல்லி.

எந்த வேலைக்கு எந்தச் சாமான் போகிறது என்று குறித்துவைக்கத்தான் இதை எடுத்தேன். "நீங்க எழுதினா வேலைக் குறிப்பு ரெண்டு வரி, ஊர்வம்பு ரெண்டு பக்கம்" என்கிறாள் புஷ்பம். முப்பது வருஷம் ஒருத்தனோடு குடும்பம் நடத்தினால் இப்படியெல்லாம் தெரிந்துவிடுகிறது.

செவ்வாய்க்கிழமை முப்பிடாதி அம்மன் கோயில் கொடை விழா. ஒளியும் ஒலியும் வழக்கம்போல ரேடியோ செட் பலவேசம், அதாவது அடியேன். கொடைக் கமிட்டித் தலைவர் கொம்பையா மீசையை முறுக்கிக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டார். அவர் மீசையும் கறுப்பு, என் மீசையும் கறுப்பு. இரண்டுக்கும் ஒரே கடையில்தான் மை வாங்குகிறோம். ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி வாங்குவோம்.

"வே பலவேசம், மேலக்குறிச்சிக்காரன் மஞ்ச பல்பு போட்டு மானத்த வாங்கிட்டான். நம்ம புது பைபாஸ்ல இருந்து கோயில் வரைக்கும் ரெண்டு பக்கமும் வெள்ளை ட்யூபு நிக்கணும். நூல் பிடிச்ச மாதிரி நிக்கணும்."

"கலர் சீரியல் லைட்டு போடுவோம் தலைவரே. ஓடிக்கிட்டே இருக்கும், அம்சமா இருக்கும்."

"சீரியல் கல்யாண வீட்டுக்குப் போடும். இது தெய்வ காரியம்."

என்னிடம் இருப்பதே முப்பத்தாறு வெள்ளை ட்யூப். முப்பத்தாறையும் அம்மனுக்குத் தந்தேன் என்று தலையாட்டினேன்.

மத்தியானம் மில் கிரவுண்டு வாட்ச்மேன் சங்கிலி போன் செய்தான். செவ்வாய் இருட்டின பிறகு பிளேன் வருகிறதாம். பெங்களூரில் ரிப்பேருக்கு விட்ட மில்லின் குட்டி பிளேனைக் கேப்டன் தனியாக ஓட்டி வருகிறார். புதன் விடியற்காலை சின்ன முதலாளி குடும்பத்தோடு அதில் எங்கேயோ போக வேண்டுமாம்.

நூற்பாலைக்குச் சொந்தமாக ஒரு பிளேன் கிரவுண்டு உண்டு. ஊருக்கு வடக்கே இரண்டு கிலோமீட்டர், கிழக்கு மேற்காக. பகலில் இறங்கத்தான் அனுமதி, அதனால் அங்கே லைட் கிடையாது. ஆனால் முதலாளிமாரின் அவசரத்துக்குப் பகல் இரவு கிடையாது. இருட்டில் வரும் நாளில் சங்கிலி என்னைக் கூப்பிடுவான். என் வெள்ளை ட்யூபுகளை ஓடுபாதையின் இரண்டு ஓரத்திலும் நட்டுவைப்பேன். இதுவரை நான்கு தடவை செய்தாயிற்று. எப்படி நட வேண்டும் என்று கேப்டன் தேவகுணம்தான் கூடவே நடந்து சொல்லிக்கொடுத்தார். எழுபது எட்டுக்கு, அதாவது எழுபது காலடிக்கு, ஒன்று. வரிசைக்கு வரிசை முப்பது எட்டு. இறங்கும் பக்கம் குறுக்கே பச்சை, முடியும் பக்கம் குறுக்கே சிவப்பு. "பலவேசம், மேலேர்ந்து பாத்தா எனக்கு உன் லைட்டு மட்டும்தான் தெரியும். நான் உன்னை நம்பித்தான் இறங்குறேன்" என்பார். அதை நாலு பேர் முன்னால் சொல்ல வைப்பதற்காகவே அவரை டீக்கடைக்கு அழைத்துப்போவேன்.

"செவ்வாய்க்கிழமையா? ட்யூபெல்லாம் அம்மனுக்குப் போயாச்சேடே" என்றேன் சங்கிலியிடம்.

"வேற ஏதாச்சும் குடுங்க அண்ணாச்சி. வெளிச்சம்னா வெளிச்சம்தானே."

நியாயமான பேச்சாகத்தான் பட்டது. ஆறு கலர் சீரியல் செட், சின்ன ஜெனரேட்டர் ஒன்று மில்லுக்கு. குறித்தாயிற்று.

மே 12, திங்கள்

இடுப்பு முறிந்துவிட்டது. பைபாஸ் ரோடு இன்னும் திறக்கவில்லை, தார் மட்டும் போட்டு, தூசிகூடப் படாமல் கிடக்கிறது. கிழக்கு மேற்காக ஒரே நேர்க்கோடு. மேற்கு முனையில் கோயில். சவுக்குக் கம்பு நட்டு ட்யூபைக் கட்டினோம். இடைவெளியை அளக்கவே வேண்டியிருக்கவில்லை. மில் வேலைக்காக வயரை எழுபது எட்டுக்கு ஒரு ஹோல்டர் என்று வெட்டி முடிச்சுப் போட்டு வைத்தது அப்படியே இருந்தது. விரித்தோம், முடிந்தது. வேலை தெரிந்தவனுக்கு யோசனை தேவையில்லை.

நுழைவில் பச்சை ட்யூப் போட்டேன், மாவிலைத் தோரணம் மாதிரி இருக்கட்டும் என்று. கோயில் முனையில் சிவப்பு. அம்மனுக்குச் சிவப்புத்தானே.

இருட்டினதும் ஸ்விட்சைப் போட்டேன். ஊரே வாயைப் பிளந்தது. கொம்பையாவுக்கு மீசை தானாக முறுக்கிக்கொண்டது. "மேலக்குறிச்சிக்காரன் பாத்தான்னா தூக்குல தொங்கிருவான்வே" என்றார். நானும் ரோட்டின் நடுவில் நின்று இடுப்பில் கை வைத்துப் பார்த்தேன். எங்கேயோ பார்த்த மாதிரி அழகாக இருந்தது.

மே 13, செவ்வாய்

கொடை. காலையில் ஆம்ப்ளிஃபயரில் எறும்பு. ஒரு மணி நேரம் எறும்போடு மல்லுக்கட்டு. சங்கிலி டிராக்டரில் வந்து சீரியல் செட்டை எடுத்துப்போனான். "எப்படி அண்ணாச்சி விரிக்க?" என்றான். "ரெண்டு ஓரத்துலயும் போட்டுவிடு, அவர் பாத்துக்குவார்" என்றேன்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கேப்டன் போன். மேளச் சத்தம். ஏதோ கேட்டார், ஏதோ சொன்னேன். வைத்துவிட்டார்.

பொங்கல் பானைக்கு வரிசை. புஷ்பம் கூப்பிடுகிறாள்.

மே 14, புதன்

ராத்திரி தூங்கவில்லை.

நேற்று ஏழே முக்கால் மணி. சாமியாடி இன்னும் கோயிலை விட்டுக் கிளம்பவில்லை. கோயில் முனையில் ஐந்நூறு அறுநூறு பேர், பெண்டுபிள்ளைகள்தான் அதிகம். ரோட்டில் ஐஸ் வண்டி, பலூன் வண்டி. கிழக்கே வானத்தில் ஒரு வெளிச்சம் தாழ்ந்து வந்தது. நேராக வந்தது. தாளத்துக்குள் அதன் சத்தம் கேட்கவில்லை. பச்சை ட்யூபுக்கு மேல் வந்ததும் முன்லைட் பளிச்சென்று எரிந்தது. சக்கரம் தெரிந்தது. பலூன்காரன் பலூனையெல்லாம் விட்டுவிட்டுப் படுத்துக்கொண்டான்.

சக்கரம் தரையைத் தொட ஆள் உயரம்தான் இருந்திருக்கும். அப்புறம் அது பாதி ரோட்டில் சட்டென்று மூக்கைத் தூக்கியது. ஜனங்களைப் பார்த்துவிட்டார். தலைக்கு மேல் போனது. என் சட்டை காற்றில் அடித்தது. கோயிலுக்குப் பின்னால் பனை மரங்கள். ஒரு பனையில் றெக்கை தட்டியது. பிறகு குளத்துக்குள் விழுந்த சத்தம். குளத்தில் தண்ணீர் இல்லை.

கோயில் பக்கம் ஒருத்தருக்கும் கீறல் இல்லை. கேப்டன் போய்விட்டார். தனியாகத்தான் இருந்தார். நாங்கள் ஓடிப்போய்ச் சேருமுன்பே எல்லாம் எரிந்துகொண்டிருந்தது.

விடியுமுன் மில் கிரவுண்டுக்குப் போய் சீரியல் செட்டைச் சுருட்டி எடுத்து வந்தேன். பனி பட்டால் ஹோல்டர் துருப்பிடிக்கும்.

"மே மாசத்துல என்ன பனி?" என்றாள் புஷ்பம். சில கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் குளிக்கப் போய்விட வேண்டும்.

காலையில் நயினார் டீக்கடையில் கூட்டம் தெருவரை நின்றது. நேரில் பார்த்தவன் என்று எனக்குப் பெஞ்சில் இடம் விட்டார்கள். பத்துத் தடவை சொன்னேன். பதினோராவது தடவை, "கேப்டனுக்கு எப்படிண்ணே கிரவுண்டுக்கும் ரோட்டுக்கும் வித்தியாசம் தெரியாம போச்சு?" என்று யாரோ கேட்டார்கள். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

"அவர் கையில எப்பவும் ஒரு பிளாஸ்க் இருக்கும், பாத்திருக்கியளா?" என்றேன். கண்ணையும் கொஞ்சம் சிமிட்டியிருப்பேன். "உள்ள என்னன்னு நான் எப்படிச் சொல்ல?"

சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

மே 15, வியாழன்

போலீஸ் ஏட்டு வந்தார். மில் கிரவுண்டில் லைட் போட்டீரா என்றார். அதற்கு முன்பே மில் மேனேஜர் போனில் சொல்லியிருந்தார்: "யாரும் பிளேனை வரச் சொல்லலை. யாரும் லைட் போடலை. கேப்டன் அவராத்தான் எடுத்துட்டு வந்திருக்கார். புரியுதா பலவேசம்?" எனக்கு எல்லாமே சீக்கிரம் புரியும். பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் புரியாமல் இருந்தது.

"நான் கொடையிலதானே இருந்தேன் சார்" என்றேன். அது பொய் இல்லை.

பாளையங்கோட்டையில் இன்று அடக்கம். போகலாமா என்று நினைத்தேன். கோயில் லைட்டை அவிழ்க்க வேண்டியிருந்தது.

மே 16, வெள்ளி

மாலைப் பத்திரிகையில் வந்துவிட்டது. போதையில் விமானம் ஓட்டிய கேப்டன், கொடை விழாவில் புகுந்தார், பக்தர்கள் உயிர் தப்பினர். பக்கத்தில் என் ட்யூப் லைட் படம். படம் நன்றாக வந்திருக்கிறது.

நயினார் கடையில் பிளாஸ்க் இப்போது முழு பாட்டில் ஆகிவிட்டது. பலூன்காரன், பிளேன் தலைக்கு மேல் போனபோதே வாடை அடித்தது என்கிறான். மேலக்குறிச்சியில் இருந்து வந்த ஒருத்தர் எனக்கே இந்தக் கதையைப் புதுசு மாதிரி சொன்னார். "அப்படியா" என்று கேட்டுக்கொண்டேன். எனக்குத் தெரிந்து என் பேச்சில் இவ்வளவு தூரம் போனது வேறு எதுவும் இல்லை.

டீ குடிக்க முடியவில்லை. பால் திரிந்திருந்தது போல.

மே 17, சனி

அந்த பிளாஸ்கில் சுக்கு வெந்நீர்தான் இருக்கும். நானே குடித்திருக்கிறேன்.

மே 18, ஞாயிறு

தூக்கம் வரவில்லை என்று ஸ்டோர் ரூமைச் சுத்தம் செய்தேன். எல்லா வயரையும் பிரித்து மறுபடி சுருட்டினேன். பிறகு மறுபடி பிரித்தேன். புஷ்பம் வந்து எட்டிப் பார்த்தாள்.

"எலி பிடிக்குறீங்களா?"

"சாமான் சரி பாக்கேன்."

"நாலு நாளா சரி பாக்குறீங்க. உங்ககிட்ட அப்படி என்ன சாமான் இருக்கு?"

சங்கிலி வந்தான். மேனேஜர் அவனை லீவில் போகச் சொல்லிவிட்டாராம், அக்கா வீட்டுக்கு. வாசலிலேயே நின்றான். "அண்ணாச்சி, அன்னிக்கு நான் விரிச்சது சரிதானே? நீங்க சொன்ன மாதிரி ரெண்டு ஓரத்துலயும்தான் போட்டேன். சீரியல் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. சிவப்பு, நீலம், மஞ்ச எல்லாம் ஓடுச்சு. அவர் மேல ரெண்டு சுத்து சுத்துனார். நான் கையைக்கூட ஆட்டினேன். அப்புறம் தெக்க பாத்துப் போயிட்டாரே, ஏன் போனார்?"

"உன் மேல தப்பில்லடே" என்றேன்.

"யார் மேல?"

அவனுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மே 20, செவ்வாய்

கேப்டனின் மகள் வந்திருந்தாள். பெர்சிஸ் என்று பெயர். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வயது முப்பத்தைந்து இருக்கலாம். அப்பாவைப் போலவே நெடுநெடு உயரம், குனிந்துதான் வாசலில் நுழைந்தாள். புஷ்பம் நாற்காலி போட்டாள், காபி கொடுத்தாள். அவள் குடிக்கவில்லை. நான் குடித்தேன்.

"நீங்கதான் லைட் பலவேசம் அங்கிளா? அப்பா உங்களைப் பத்திச் சொல்லியிருக்காங்க. நீங்க ரொம்பச் சிரிக்க வைப்பீங்கன்னு."

இன்றைக்கு அந்தத் திறமை என்னிடம் இல்லை.

அவள் நிதானமாகப் பேசினாள். கேப்டன் அவர்கள் சபையில் மதுவிலக்குச் சங்கத்தின் செயலாளராம், பதினெட்டு வருஷமாக. பத்திரிகையில் வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் இவள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லையாம். இரத்தப் பரிசோதனை முடிவு வர ரெண்டு மாதம் ஆகுமாம். "வந்தாலும் அதை யார் படிக்கப் போறாங்க அங்கிள்? பத்திரிகையை எல்லாரும் படிச்சிட்டாங்க" என்றாள்.

விமான விபத்தை விசாரிக்கும் அதிகாரி ஒருத்தர் வெள்ளிக்கிழமை வருகிறாராம். சாட்சி சொல்ல யாராவது இருக்கிறார்களா என்று அவள் வீடுவீடாகக் கேட்டுப் போகிறாள். "அப்பா கடைசியா உங்ககிட்டத்தான் பேசியிருக்காங்க. போன் கம்பெனியில லிஸ்ட் எடுத்திருக்கேன். ஆறு மணி நாலு நிமிஷம். நாப்பத்தெட்டு செகண்டு. பேச்சு குழறிச்சா அங்கிள்? அது மட்டும் சொன்னாப் போதும்."

மேளச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்றேன்.

நாற்பத்தெட்டு விநாடி என்பது எவ்வளவு நேரம் என்று அவள் போன பிறகு கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம்.

மே 21, புதன்

சாப்பாடு இறங்கவில்லை. வயிறு மட்டும் அப்படியே இருக்கிறது, நன்றி கெட்டது.

காலையில் பைபாஸ் ரோட்டுக்குப் போனேன். கம்பு நட்ட குழிகள் இன்னும் இருந்தன. எட்டு வைத்து எண்ணினேன். எழுபது. அடுத்தது எழுபது. அடுத்தது அறுபத்தொன்பது, அது என் காலில் கோளாறு.

மே 22, வியாழன்

கொம்பையா வந்தார். மீசையை முறுக்கவில்லை, அதனால் விஷயம் பெரிது என்று தெரிந்துகொண்டேன்.

"நாளைக்கு அதிகாரி வாராராம். என்ன சொல்லப் போறீர்?"

"கேட்டதுக்குச் சொல்ல வேண்டியதுதான்."

"கேக்காததையும் சொல்ற ஆளு நீரு. அதான் வந்தேன். கோயில் லைட்டாலதான் பிளேன் விழுந்துச்சுன்னு ஒரு வார்த்தை எழுத்துல விழுந்துச்சுன்னு வையும், அடுத்த வருசம் கொடைக்குக் கலெக்டர் அனுமதி தரமாட்டார். ஊர் உம்மைத்தான் கேக்கும். குடிச்சிட்டு ஓட்டினாருன்னு முடிஞ்சுபோன விஷயம்வே."

"அவர் குடிக்க மாட்டார் தலைவரே."

"அதைச் சொன்னதே நீருதானேவே."

அவர் போன பிறகு புஷ்பம் அடுக்களையில் இருந்து வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு போன்ல அவருகிட்ட என்ன சொன்னீங்க? நான் பக்கத்துலதான் பானை வச்சுக்கிட்டு இருந்தேன். எனக்குக் கேட்டுச்சு. உங்க வாயால ஒருக்கா சொல்லுங்க."

சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

"பலவேசம், லைட்டு ரெடியா?" என்று கேட்டார். தெளிவாகக் கேட்டது. ரெடி சார் என்றேன். "நம்ம வெள்ளை ட்யூபுதானே?" என்றார். அப்போதே சொல்லியிருக்கலாம். ட்யூபெல்லாம் கோயிலில் சார், உங்களுக்குக் கலர்தான் சார் என்று. சொன்னால் அவர் பெங்களூரிலேயே நின்றுவிடுவார், சின்ன முதலாளி என்னைத் திட்டுவார், மில் வேலை போய்விடும், அதோடு பொங்கல் பானை பொங்குகிற நேரம். "அதேதான் சார். பச்சை, சிவப்பு எல்லாம் வழக்கம்போல. ஜம்முனு இறங்குங்க" என்றேன்.

"சரிப்பா. உன்னை நம்பித்தான் வாரேன்" என்றார். பேச்சு குழறவில்லை.

மேலே வந்து பார்த்திருக்கிறார். வடக்கே கல்யாண வீடு மாதிரி கலர் கலராக ஓடியிருக்கிறது. தெற்கே எழுபது எட்டுக்கு ஒன்றாக என் வெள்ளை லைட், பச்சையில் தொடங்கி, சிவப்பில் முடிந்து, அவர் சொல்லிக்கொடுத்தபடியே.

மே 23, வெள்ளி

பஞ்சாயத்து ஆபீஸில் விசாரணை. அதிகாரி மெலிந்த ஆள், மூக்குக் கண்ணாடி, ஒரு விக்கலோடு வந்திருந்தார். எங்கள் ஊர்த் தண்ணீர் அப்படி. கொம்பையா வெளித்திண்டில் உட்கார்ந்திருந்தார். மில் மேனேஜர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். பெர்சிஸ் கடைசிப் பெஞ்சில்.

அதிகாரி என்னிடம் அதிகம் எதிர்பார்க்கவில்லை. "கோயில் ரோட்டுல லைட் இருந்தது தெரியும். ஆனா அனுபவப்பட்ட பைலட், ரோட்டு லைட்டைப் பாத்து ஓடுபாதைன்னு ஏமாற மாட்டார். அதான் மத்த காரணத்தையும் பாக்க வேண்டியிருக்கு" என்று ஃபைலை மூடப் போனார்.

"அது ரோட்டு லைட் இல்ல சார்" என்றேன். "அது அவரோட லைட்டு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வயரை எப்படி வெட்டியிருந்தேன், பச்சையை எங்கே போட்டேன், சிவப்பை எங்கே போட்டேன், கலர் சீரியல் எங்கே ஓடியது, அதை விடியுமுன் நான் ஏன் சுருட்டி எடுத்தேன். போனில் என்ன சொன்னேன் என்பதையும். முன்னால் நான்கு தடவை இருட்டில் இறங்கியதைச் சொன்னபோது மேனேஜர் எழுந்து, "இந்த ஆள் ஊர்ல தமாஷ் பேசுறவன் சார்" என்றார்.

அதிகாரி விக்கிக்கொண்டே, "இதுல தமாஷ் எங்க இருக்குன்னு காட்டுங்க" என்றார்.

வயரைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனேன். டேப் பிடித்து அளந்தார். ஹோல்டருக்கு ஹோல்டர் ஒரே அளவு. அதை மூன்று தடவை எழுதிக்கொண்டார். என்மேலும் நடவடிக்கை வரலாம் என்று மரியாதையாகச் சொன்னார். கையெழுத்துப் போட்டேன். பேனா வழுக்கியது.

வெளியே வந்தேன். கொம்பையா என்னைப் பார்த்துத் துண்டை உதறி மறுபக்கத் தோளில் போட்டுக்கொண்டு போனார். ஊர் உறவு முறிந்தது என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல அவருக்குத்தான் வரும்.

பெர்சிஸ் வேப்பமரத்தடியில் நின்றாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று போனேன். நல்ல வாக்கியமாக ஒன்று தயார் செய்தும் வைத்திருந்தேன்.

"குடிச்சிருந்தாருன்னு முதல்ல சொன்னது யாரு அங்கிள்?" என்றாள் அதற்குள். "தேடிக்கிட்டே வந்தேன். பத்திரிகைக்காரர் ஒருத்தரைச் சொன்னார். அவர் இன்னொருத்தரைச் சொன்னார். எல்லாம் ஒரு டீக்கடையில வந்து நிக்குது."

"நான்தாம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். தப்பான கணக்கைக் கரும்பலகையில் பார்க்கிற மாதிரி.

"லைட்டு தப்பா போட்டது கவனமில்லாம. போன்ல சொன்னது பயத்துல. அது ரெண்டும்கூட எனக்குப் புரியுது. இது எதுக்கு?"

கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். அவர்மேல் கொஞ்சம் தப்பு இருந்தால் என்மேல் கொஞ்சம் குறையும்.

"இங்க சொன்னது ஃபைல்ல இருக்கும். அதை யாரும் படிக்கப் போறதில்ல" என்றாள். "இங்க சொன்னதை அந்த டீக்கடையில போய்ச் சொல்லுங்க."

அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள். தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் என்னிடமே இருக்கிறது. இப்போது படித்தால் நன்றாகவும் இல்லை.

மே 25, ஞாயிறு

நயினார் கடை. காலை ஆறரை. நல்ல கூட்டம். பெஞ்சில் உட்காராமல் நின்றே சொன்னேன். "கேப்டன் குடிக்கலை. நான் சொன்னது பொய். என் லைட்டாலதான் விழுந்தார்."

நயினார், "அண்ணாச்சிக்குக் காலையிலேயே ஏறியிருக்கு, அந்த பிளாஸ்க்கு இவர்கிட்டத்தான் இருக்கும்போல" என்றார். பெஞ்சு மொத்தமும் சிரித்தது.

மறுபடி சொன்னேன். இன்னும் சிரித்தார்கள். ஒருத்தன், "அந்த இடம் நல்லாருக்கு அண்ணாச்சி, அழுற மாதிரி முகத்தை வச்சுக்கிட்டீங்க பாருங்க" என்றான்.

முப்பது வருஷமாக இந்தப் பெஞ்சில் நான் சொன்ன எதையும் யாரும் நம்பியதில்லை. ஒரே ஒரு தடவைதான் நம்பினார்கள்.

மே 26, திங்கள்

இன்றும் போனேன். இன்றும் சிரித்தார்கள். டீ இலவசமாகக் கொடுத்தார் நயினார்.

புஷ்பத்திடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். "உங்க வாயை யாரு நம்புவா?" என்றாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "உங்க மைக்கை நம்புவாங்க" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். யார் வீட்டில் சாவு, எப்போது அடக்கம், என்றைக்குக் குடிதண்ணீர் வராது, எந்தத் தேதி ரேஷன் போடுவான், எல்லாவற்றையும் ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டித் தெருத்தெருவாக நான்தான் சொல்கிறேன். மைக் கையில் இருக்கும்போது ஒருநாளும் விளையாடியதில்லை. சாவு வீட்டு நேரத்தை மாற்றிச் சொன்னால் ஊர் உதைக்கும்.

மே 27, செவ்வாய்

ஆட்டோவில் இரண்டு குழாய் கட்டினேன். பேட்டரிக்கு நேற்றே சார்ஜ் போட்டிருந்தேன். புஷ்பம் என் சட்டையை மாற்றச் சொன்னாள், வெள்ளைச் சட்டை. முதலில் நயினார் கடை முக்கில் நிறுத்தினேன். மைக்கை இரண்டு தட்டுத் தட்டினேன்.

சாவுச் செய்தி என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்றார்கள். நயினார் டிவி சத்தத்தைக் குறைத்தார். தோளில் துண்டு கிடந்தவர்கள் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். வீடுகளில் இருந்து பெண்கள் வாசலுக்கு வந்தார்கள்.

எப்போதும் பேசுகிற குரலில்தான் பேசினேன். "ஊர்ப் பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. கடந்த பதிமூன்றாம் தேதி நமது கொடை நாளில் விமான விபத்தில் காலமான கேப்டன் தேவகுணம் அவர்கள் மது அருந்துபவர் அல்ல. அன்றும் அருந்தவில்லை. அவர் குடித்திருந்தார் என்று சொன்னது நான். அது பொய். மில் கிரவுண்டில் போட வேண்டிய லைட்டைக் கோயில் சாலையில் போட்டதும், அவர் போனில் கேட்டபோது மறைத்ததும் நான்தான். நமது பிள்ளைகள் மேல் இறங்கக் கூடாது என்று அவர் விமானத்தைத் தூக்கினார். ரேடியோ செட் பலவேசம்."

யாரும் சிரிக்கவில்லை. பலூன்காரன் கூட்டத்துக்குள் பின்னால் நகர்ந்து நின்றான்.

வடக்குத் தெரு, பள்ளிக்கூட முக்கு, கோயில் வாசல், மில் குவார்ட்டர்ஸ். குவார்ட்டர்ஸில் செக்யூரிட்டி வந்து ஆட்டோ சாவியைப் பிடுங்கினான். அதற்குள் ஒரு தடவை முழுதாகச் சொல்லி முடித்துவிட்டேன். சாவியை வாங்க அரை மணி நேரம் நின்றேன்.

கடைசியாக மேலக்குறிச்சி. பத்திரிகை அங்கேயும்தானே போயிருக்கிறது. முதல் தெருவில் ஒரு அம்மா, காது கொஞ்சம் மந்தம்போல, அரிசி கழுவிய கையோடு ஆட்டோ பக்கத்தில் வந்து நின்றாள். முழுதும் கேட்டாள்.

"நல்ல மனுசனா இருந்திருக்காரு" என்றாள். "அடக்கம் எத்தனை மணிக்கு அய்யா?"

மைக் இன்னும் ஆனில்தான் இருந்தது.

"முடிஞ்சுட்டுதும்மா. பன்னெண்டு நாளாச்சு" என்றேன். "நான் போகலை."